கழுத்தைப் படம் பிடித்த கதை

"படம் எடுத்தா தெரியாதது, ஊசி குத்தினா மட்டும் தெரிஞ்சுடுமா? சொல்லுங்க டாக்டரய்யா, நானும் தெரிஞ்சுக்கறேன்" என்றார் தேவநாதன்.

டாக்டர் வைத்திலிங்கம் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்துத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சிதம்பரம் கீழவீதியில் கிளினிக் போட்ட நாளிலிருந்து இப்படி ஒரு ஆளை அவர் பார்த்ததில்லை. நோயாளி என்னவோ ஒரு வார்த்தையும் பேசாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பேச்செல்லாம் கூட வந்தவருடையது.

நோயாளியின் பெயர் தில்லையம்மாள். தேவநாதனின் மனைவி. கழுத்தின் முன்பக்கத்தில், கொஞ்சம் வலது ஓரமாக, கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. எச்சில் விழுங்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்கியது. வலி கிடையாது. வலி இல்லாததுதான் தேவநாதனுக்குப் பெரிய பயம். வலிக்காத கட்டிதான் புற்று என்று யாரோ புண்ணியவான் அவர் காதில் போட்டிருந்தான்.

தேவநாதன் கடலூர் மஞ்சக்குப்பத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். "கழுத்த நிமித்துங்க, தாடைய எறக்குங்க" என்று பொழுது விடிந்து பொழுது போனால் ஊரார் கழுத்தைப் பார்ப்பதே அவர் தொழில். ஆனால் சொந்த வீட்டுக் கழுத்தில் கட்டி வந்ததை முதலில் பார்த்தது அவரல்ல. வாசலுக்கு மீன் கொண்டுவரும் செல்லாயி. "இன்னாம்மா கழுத்துல?" என்று கூடையை இறக்கும்போதே கேட்டுவிட்டாள். அதில் அவருக்கு வெட்கம் வேறு. வெட்கமும் பயமும் ஒன்றாக வந்தால் தேவநாதனுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"பொறுமையா கேளுங்க" என்றார் டாக்டர். "மெட்ராஸ்ல புதுசா ஒரு மிஷின் வந்திருக்கு. அயோடின் மருந்து குடிக்கக் குடுத்து, அது கழுத்துல எங்க போயி சேருதுன்னு படம் எடுப்பாங்க. கட்டி அந்த மருந்த வாங்கிக்குதா இல்லியான்னு படம் சொல்லும். வாங்கிக்கலன்னா கொஞ்சம் சந்தேகம். அவ்ளோதான். அதுவும் முக்காவாசி சாதாரணக் கட்டியாதான் இருக்கும். ஊசின்னா அப்படியில்ல. உள்ளருந்து நூல் மாதிரி ஒரு துணுக்கு எடுத்து மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்துடலாம். படம் எடத்தக் காட்டும். ஊசி ஆளயே காட்டும்."

"ஊசி எடம் தப்பிடுச்சுன்னா?"

"தப்பலாம். இல்லன்னு சொல்லல. நல்ல சதையில குத்திட்டு நல்லாருக்குன்னு சொல்லிடற ஆபத்து இருக்கு. அதுக்குத்தான் கட்டிய ரெண்டு விரலால கெட்டியாப் புடிச்சிக்கிட்டு குத்தறது."

"பாத்தீங்களா, நீங்களே சொல்லிட்டீங்க. கை தப்பும். லென்ஸ் தப்பாது." தேவநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இன்னொண்ணும் கேளுங்க. கொளவிக் கூட்டக் குச்சியால குத்தினா கொளவி சும்மா இருக்குமா? கட்டியக் கிளறிவுட்டா உடம்பு பூரா பரவிடாதா? ஊசின்னு இன்னொரு தடவ சொன்னீங்கன்னா நான் இவள அழச்சிக்கிட்டு இப்பவே பஸ் ஏறிடுவேன்."

தில்லையம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "ஊசி ரொம்ப வலிக்குங்களா?"

"மரத்துப்போக மருந்து போட்டுட்டுதாம்மா குத்தறது."

"நீ சும்மாரு தில்லை. பெரியவங்க பேசிக்கிட்டிருக்கோமில்ல" என்றார் தேவநாதன். அவளைவிட அவர் மூன்று வயதுதான் பெரியவர்.

டாக்டர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். "சரி. நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க. அம்மாவ நான் இன்னொரு தடவ நல்லாப் பாக்கணும். நர்ஸ் கூட இருப்பாங்க."

வெளியே பெஞ்சில் பல்வலிக்காரர் ஒருவரும் இருமல்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தேவநாதன் அவர்களிடம் போட்டோவின் மகிமையை எடுத்துச் சொன்னார். அந்த வருஷம் எலெக்‌ஷனில் நின்ற ஒருவருக்கு முகமெல்லாம் அம்மைத் தழும்பு. நெகடிவில் பென்சில் வைத்துத் தான் அதை எடுத்துவிட்டதையும், போஸ்டரைப் பார்த்த அவர் மாமியாரே யாரென்று கேட்டதையும் சொன்னார். பல்வலிக்காரர் பாவம், தாடையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார்.

கதவு திறந்தபோது தில்லையம்மாள் முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்தாள். டாக்டர் ஒரு வார்த்தை வாதாடாமல் மெட்ராஸுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"நீங்க சொல்றபடியே படம் எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

ஜெயித்துவிட்டோம் என்று தேவநாதன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினார். "ஏன் இப்படிப் போத்திக்கிட்ட?" என்று பரங்கிப்பேட்டை ரோடு தாண்டும்போது கேட்டார்.

"காத்தடிக்குது."

மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து தேதி வர நாளானது. அந்த மருந்து பம்பாயிலிருந்து வரவேண்டுமாம், வந்தாலும் நாள்பட வைத்திருக்க முடியாதாம், சீக்கிரம் வீரியம் போய்விடுமாம். தேதியோடு சில நிபந்தனைகளும் வந்தன. கடல்மீன் கூடாது, டிங்சர் கூடாது, சில இருமல் மருந்துகள் கூடாது. உடம்பில் ஏற்கனவே அயோடின் இருந்தால் கழுத்து புதிதாக வாங்கிக்கொள்ளாது, படம் விழாது. தேவநாதன் மறுநாளே வாசலில் நின்று செல்லாயியை வழிமறித்தார்.

"இந்தத் தெருப்பக்கமே வராத. வஞ்சிரம்னாலும் வேணாம், வவ்வாலுன்னாலும் வேணாம்."

"நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்று அவள் பக்கத்துத் தெருவுக்குப் போனாள்.

இடையில் ஒரு நாள் தில்லையம்மாள், அண்ணன் பொன்னுரங்கத்தைப் பார்க்கிறேன் என்று தனியாகச் சிதம்பரம் போய்வந்தாள். வந்ததிலிருந்து முகம் தெளிச்சலாக இருந்தது. கழுத்தில் எமனை வைத்துக்கொண்டு ஒருத்தி கோலத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவனுக்கு எரிச்சல் வராதா? தேவநாதனுக்கு வந்தது. அவர் சரியாகச் சாப்பிட்டே பல நாளாகியிருந்தது.

மெட்ராஸில் ஒரு டம்ளரில் தண்ணீர் மாதிரி எதையோ குடிக்கக் கொடுத்தார்கள். "நாளைக்கு வாங்க, மருந்து ஏறணும்" என்றார்கள்.

"நடந்தா நல்லா ஏறுமாம்" என்றாள் தில்லையம்மாள்.

"யாரு சொன்னது?"

"அங்க ஒரு நர்ஸம்மா."

ஆகவே பீச்சுக்கு நடந்தார்கள். கடலூரில் இல்லாத கடலா என்று தேவநாதன் வழியெல்லாம் முணுமுணுத்தார். தில்லையம்மாள் காலை நனைத்துக்கொண்டு அலையைப் பார்த்தபடி நின்றாள். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அவர் அவளை வெளியூர் என்று அழைத்துப்போனது திருவதிகைக் கோயிலுக்கு. அதுவும் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கப் போனபோது. முகூர்த்த மாதமென்றால் ஸ்டுடியோவை விட்டு நகர முடியாது. மற்ற மாதத்தில் பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ. ஆடி மாதத்தில் காமிராவுக்கு ரிப்பேர். இப்படியே ஓடிப்போயிற்று.

மறுநாள் மிஷின் கழுத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகப் போய்க் காகிதத்தில் புள்ளி புள்ளியாகத் தட்டியது. தட்டி முடித்ததும் அங்கே இருந்த அதிகாரி காகிதத்தைத் தூக்கிப் பிடித்து முகத்தைச் சுளித்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புள்ளி இருந்தது.

"கடல்மீன் சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்லீங்க."

"சத்தியமா இல்ல. மீன்காரியத் தெருவுக்குள்ளயே வுடல நான்" என்றார் தேவநாதன்.

"வேற என்ன சாப்பிட்டீங்க?"

"கருவாட்டுக் குழம்பு" என்றாள் தில்லையம்மாள். "தெனம் இல்லீங்க. ஒரு நாளு வுட்டு ஒரு நாளு."

தேவநாதன் போட்ட சத்தம் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. "மீனு கூடாதுன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேனே, தில்லை?"

"மீனுன்னுதான சொன்னீங்க. கருவாடுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? மீனு செல்லாயிகிட்ட வாங்கறது. கருவாடு சந்தையில வாங்கறது."

"கருவாடு எதுல பண்றாங்க? கத்திரிக்காயிலயா?"

அதிகாரி இன்னொரு தேதி எழுதிக் கொடுத்து, வெளியே போய்ச் சண்டை போடச் சொன்னார்.

சிதம்பரத்தில் டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, "பரவால்ல. அடுத்த தடவ எடுத்துக்கலாம். அவசரம் ஒண்ணுமில்ல" என்றார். முதல் நாள் ஊசி ஊசி என்று துடித்த மனிதர் இப்போது ஊசிப் பேச்சையே எடுக்கவில்லை. அவசரமில்லையாம். இவர் பெண்டாட்டியாயிருந்தால் தெரியும் என்று தேவநாதன் மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தார்.

இந்தத் தடவை கருவாட்டுக்கும் தடை விதித்தார். சொன்னால் போதாது என்று, பரண்மேல் இருந்த கருவாட்டுப் பானையைத் தானே இறக்கி எறியப் போனார். பானை கை நழுவிக் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தில்லையம்மாளின் காலில் விழுந்து உடைந்தது. பெருவிரலுக்குப் பக்கத்தில் நல்ல வெட்டு, ரத்தம் கொட்டியது. தேவநாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலமாரியில் இருந்த பாட்டிலை எடுத்து முழுசாகக் கவிழ்த்துப் பஞ்சு வைத்துக் கட்டினார்.

"இது என்னங்க, திகுதிகுன்னு எரியுது?"

"எரியட்டும். அப்பதான் சீழ் புடிக்காது."

தினம் ராத்திரி கட்டை அவிழ்த்து அவரே மருந்து போட்டார். அவர் அப்படிக் கால் பிடித்து உட்கார்ந்ததை அந்த வீடு அதற்குமுன் பார்த்ததில்லை.

இரண்டாம் தடவை மெட்ராஸ். மருந்து ஏற வேண்டிய நேரத்தில் தில்லையம்மாள் உயிர் காலேஜ் பார்க்கவேண்டும் என்றாள். மிருகங்களை வைத்திருக்கும் இடத்துக்கு மெட்ராஸில் அப்படித்தான் பெயர்.

"கால்ல கட்டு போட்டுக்கிட்டு நொண்டிக்கிட்டே நடந்தா மருந்து இன்னும் ஜாஸ்தியா ஏறுமோ?" என்றார் தேவநாதன். ஆனாலும் கூட்டிப்போனார்.

குரங்குக் கூண்டுக்கு முன்னால் நின்று அவள் சிரித்தாள். ஒரு குரங்கு இன்னொரு குரங்குக்குப் பேன் பார்த்துக்கொண்டே அதன் தலையில் குட்டியது. அவள் வாய்விட்டுச் சிரிக்க, கழுத்துக் கட்டி மேலே ஏறி இறங்கியது. தேவநாதன் அதைப் பார்த்தார். இவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்று நினைத்தார். அதுவரை அவர் அப்படி நினைத்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

"சிரிச்சது போதும், வா" என்றார்.

மறுநாளும் படம் விழவில்லை. அதிகாரி தில்லையம்மாளை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தார். பார்வை காலில் வந்து நின்றது. கட்டுத் துணி பழுப்பாக ஊறியிருந்தது.

"இது என்ன?"

"மருந்துங்க."

"டிங்சர் அயோடின். இத யாரு போட்டது?"

தில்லையம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"வெட்டுப் புண்ணுல அயோடினா ஊத்தி ஊத்தி ஊறவெச்சிருக்கீங்களே" என்றார் அதிகாரி. "சார், கோவிச்சுக்காதீங்க. ஊசி குத்தியிருந்தா இந்நேரம் ஒரு முடிவு தெரிஞ்சிருக்கும்."

"பம்பாய்ல இதவிடப் பெரிய மிஷின் இருக்குன்னு சொல்றாங்களே, அது இதெல்லாம் பாக்காதா?" என்று கேட்டார் தேவநாதன்.

"மிஷின் எவ்ளோ பெரிசானாலும் கழுத்து அதே கழுத்துதான சார்?"

தேவநாதன் காதில் பம்பாய் மட்டும் விழுந்தது. "அடுத்த தடவயும் வரலன்னா பம்பாய்தான். ரயில்ல வெச்சு அழச்சிக்கிட்டுப் போயிடறேன், பயப்படாத" என்று எழும்பூர் ஸ்டேஷனில் வைத்து அவளுக்கு வாக்குக் கொடுத்தார்.

"பம்பாய் ரொம்ப தூரங்களா?" என்றாள் அவள்.

மூன்றாம் தடவைக்கு அவர் ஸ்டுடியோவையே பாதி நாள் மூடிவிட்டு அடுப்படியில் காவல் உட்கார்ந்தார். சாம்பார், ரசம், மோர். மெட்ராஸ் போய், மருந்து குடித்து, அது ஏறுகிற நேரத்துக்குச் செத்த காலேஜையும் பார்த்தார்கள். செத்த மிருகங்களைப் பஞ்சடைத்து வைத்திருக்கும் மியூசியம் அது. எலும்புக்கூடாக நிற்கும் திமிங்கலத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுவும் கடல்மீனுதாங்களா?" என்று கேட்டாள் தில்லையம்மாள். தேவநாதன் வாசலைப் பார்த்து நடந்தார்.

இந்த முறை படம் விழுந்தது. கவரில் போட்டு ஒட்டி, டாக்டரிடம் கொடுக்கச் சொன்னார்கள். ஒட்டின கவரைப் பிரிக்காமல் கடலூர்வரை கொண்டுவந்ததே தேவநாதனுக்குப் பெரிய தவம். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேராக ஸ்டுடியோவுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தார்.

காகிதத்தில் இறக்கை விரித்த பட்டாம்பூச்சி மாதிரி புள்ளிகள். இடது இறக்கை கச்சிதம். வலது இறக்கையின் நடுவே, வட்டமாக, புள்ளியே இல்லாத வெற்றிடம்.

மருந்து வாங்கிக்கொள்ளாத கட்டி என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அதை மூளை ஒத்துக்கொள்ளவில்லை. இது பிரிண்டில் விட்டுப்போனது. மிஷின் தட்டும்போது அந்த இடத்தில் மட்டும் மை பற்றவில்லை. தன் கடையில் இப்படி ஒரு படத்தைக் கொடுத்தால் கஸ்டமர் மூஞ்சியில் விட்டெறிய மாட்டானா? கை தானாக பிரஷை எடுத்தது. இந்தியன் இங்கில் தோய்த்து, பக்கத்துப் புள்ளி பார்த்து, அதே இடைவெளியில், அதே அழுத்தத்தில் ஒவ்வொன்றாக வைத்தார். ஊரிலுள்ள மாப்பிள்ளைக்கெல்லாம் புருவம் வைத்த கை அது. முடித்தபோது எது மிஷின் வைத்தது, எது தான் வைத்தது என்று அவருக்கே தெரியவில்லை. அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

மறுநாள் சிதம்பரம். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். தில்லையம்மாளின் கழுத்துக் கட்டியை ஒருதரம் தொட்டுப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு அழகான தைராய்டு படத்த நான் புஸ்தகத்துலகூடப் பாத்ததில்ல" என்றார்.

"அப்ப ஒண்ணும் இல்லீங்களே?" என்றார் தேவநாதன்.

டாக்டர் விரலை எச்சில்படுத்தி வலது இறக்கையின் நடுவில் தேய்த்தார். விரல் கறுப்பாக வந்தது. விரலைப் பார்த்தார், தேவநாதனைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சின்னச் சிரிப்பு இல்லை. தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தில்லையம்மாளும் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

தேவநாதனுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. தப்புதான், பண்ணினது மகாத் தப்பு. அதற்கு அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். ஒருத்தி உயிர் ஊசலாடுகிறது, வைத்தியம் பார்க்கிறவர் சிரிக்கிறார், சாகப்போகிறவளும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாள்.

"சிரிங்க. நல்லா சிரிங்க" என்றார். குரல் உடைந்துபோயிற்று. "நான் முட்டாளுதான். புள்ளிய நாந்தான் வெச்சேன். அந்த ஓட்டயப் பாக்க என்னால முடியல, வெச்சுட்டேன். இவ இல்லாத வூட்டுல எனக்கு வெளக்குப் போடற சுவிச்சு எங்க இருக்குன்னுகூடத் தெரியாது டாக்டரய்யா. படமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். ஊசியே குத்துங்க. இப்பவே குத்துங்க."

டாக்டரின் சிரிப்பு நின்றது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு தில்லையம்மாளைப் பார்த்தார். தில்லையம்மாள் தரையைப் பார்த்தாள்.

"ஊசி வேணாங்க" என்றாள் மெதுவாக. "பம்பாய் போலாம்னு சொன்னீங்களே."

"பம்பாயும் கெடையாது, கிம்பாயும் கெடையாது. பயப்படாத, நான் கையப் புடிச்சிக்கிறேன்." சொன்னபடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தேவநாதன், நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"உக்கார மாட்டேன். இனிமே ஒரு நாளுகூடத் தாங்காது." உள்ளறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "நர்ஸம்மா, அந்த ஊசிய எடுத்துக்கிட்டு வாங்க."

கையைத் துடைத்துக்கொண்டே நர்ஸ் ராஜாமணி எட்டிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ எதுக்குங்க? மொத நாளு நீங்க வெளிய பெஞ்சில போட்டோக் கதை சொல்லிக்கிட்டிருந்தப்பவே குத்தி, பாண்டிச்சேரிக்கு அனுப்பி, புத்தெல்லாம் இல்லன்னு பதிலும் வந்து, உங்க வூட்டம்மாவே நேர்ல வந்து கேட்டுக்கிட்டுப் போனாங்களே. மெட்ராஸ் பூரா பாத்து முடிச்சுட்டு அவுங்களே உங்ககிட்ட சொல்லிக்கிறேன்னாங்க, இப்ப பம்பாய் வேற சேந்துடுச்சுன்னாங்க."